ராமன் விளைவு: ஒளி அலையா, துகளா?

காவிரியும் கொள்ளிடமும் சூழ்ந்த ஸ்ரீரங்கம் தீவின் திருவானைக்காவலில் 1888 நவம்பர் 7 அன்று பிறந்தவர் சர் சி. வி. ராமன். இளம் பருவத்திலேயே தந்தையின் பணி நிமித்தம் விசாகப்பட்டினம் சென்றுவிட்டாராயினும், திருச்சிராப்பள்ளி மக்கள் அவரைத் தம்மவராகவே போற்றுகின்றனர். ஒளி துகள்களால் ஆனது என்பதை ராமன் விளைவு நிறுவிவிட்டதாக மேடைகளில் கூறப்படுவதுண்டு. இக்கூற்று எத்துணைப் பொருந்தும் என்பதை ஆராய்வோம்.

இவ்விவாதம் பழமையானது. பதினோராம் நூற்றாண்டிலேயே இப்னுல் ஹைதம், ஒளி எதிரொளிப்பதை விளக்க, கடினமான பரப்பில் மோதித் திரும்பும் பந்தை உவமை காட்டினார். (இதனைக்கொண்டு அவரைத் துகள் கொள்கையின் தந்தையாக்குவோர் உளர். உவமையைக் கொள்கையாக்குவது அப்பேரறிஞருக்குச் சிறப்பன்று.) பத்தொன்பதாம் நூற்றாண்டில் அலைக் கொள்கை நிலைபெற்றது. 1905இல் ஐன்ஸ்டைன், ஒளி ஆற்றல் பொதிகளாகவும் இயங்குகிறது என்றார். 1923இல் காம்ப்டனின் எக்ஸ் கதிர் ஆய்வு அதற்கு வலுவூட்டியது.

1928 பிப்ரவரியில் கல்கத்தாவில் ராமனும் கே. எஸ். கிருஷ்ணனும் சூரிய ஒளியிலிருந்து நீலஊதாவை மட்டும் வடித்தெடுத்துத் திரவங்களில் செலுத்தினர். சிதறிய ஒளியில், செலுத்தப்படாத வேறு நிறமும் மங்கலாகத் தென்பட்டது.

இதற்குத் துகள் தேவைதானா? மூலக்கூறின் அணுக்கள் ஓயாது அதிர்கின்றன. அவ்வதிர்வு ஒளியலையோடு கலக்கும்போது, அதிர்வெண் கூடிய ஓர் அலையும் குறைந்த ஓர் அலையும் தோன்றும். ஆக, நிறமாற்றத்தை அலைக் கொள்கையே விளக்கிவிடுகிறது.

அது தடுமாறுவது ஒளிச்செறிவில்தான். அலைக் கணக்கின்படி அதிர்வெண் கூடிய கோடு சற்றே பிரகாசமாக இருத்தல் வேண்டும். ஆய்விலோ அதுவே மங்கலானது! காரணம் இது: ஒளித்துகள் மூலக்கூறுக்கு ஆற்றலைக் கொடுத்தால் அதன் அதிர்வெண் குறையும், பெற்றால் கூடும். கொடுப்பதற்கு எம்மூலக்கூறும் தகும். பெறுவதற்கோ, அம்மூலக்கூறு முன்னரே கிளர்ச்சியுற்ற நிலையில் இருந்தாக வேண்டும்; சாதாரண வெப்பநிலையில் அத்தகையவை சிலவே. திரவத்தைச் சூடேற்றினால் அக்கோடு வலுப்பெறுவதும் இதனாலேயே. எனவே துகளுக்குச் சான்று நிறமாற்றம் அன்று, இரு கோடுகளின் ஏற்றத்தாழ்வே என்பது நமது கருத்து. 1931இல் ராமனும் பகவந்தமும் சிதறலொளியைக் கொண்டே ஒளித்துகளின் தற்சுழற்சிக்கும் சான்று தேடினர்.

மூலக்கூறின் ஆற்றல் படிப்படியாக மட்டும் மாறுவது ஏன்? இங்கே பருப்பொருளே அலையாகிவிடுகிறது. 1924இல் டி பிராய், துகளுக்கும் அலைத்தன்மை உண்டென்றார்; 1927இல் டேவிசனும் ஜெர்மரும் நிக்கல் படிகத்தில் எலக்ட்ரான்கள் அலைபோல் விளிம்பு வளைவதைக் கண்டனர். கட்டுண்ட அலை, வீணையின் நாண் போல, குறிப்பிட்ட நிலைகளையே ஏற்கும். அந்நிலைகளே மூலக்கூறின் ஆற்றற்படிகள். ஆகவே ராமன் கோட்டின் இடப்பெயர்ச்சியை அளப்போர் பருப்பொருளின் அலைத்தன்மையையும், அதன் செறிவை அளப்போர் ஒளியின் துகள்தன்மையையும் ஒரே நிறமாலையில் காண்கின்றனர்.