கவளம் இறங்கவில்லையா? நாளைக்கென்று தள்ளாதீர்கள்!

ஏல விலை, வரி என்று எழுதி வந்த நாம் இம்முறை தொண்டையைப் பற்றி எழுதுகிறோம். காரணம் இருக்கிறது.

சிலமலையில் மளிகைக் கடை வைத்திருக்கும் நண்பர் ஒருவர் முப்பது ஆண்டுகளாக நம்மிடம் சரக்கு எடுக்கிறவர். வாரம் ஒரு நாள் போடிக்கு வருவார். பற்றை நேர் செய்வார், அடுத்த வாரச் சிட்டையைக் கொடுப்பார், நம்மோடு உட்கார்ந்து இரண்டு இட்லியும் ஒரு வடையும் சாப்பிட்டுவிட்டுப் பஸ் ஏறுவார். இரண்டு ஆண்டுகளுக்கு முன் ஒரு நாள் வடையைத் தொடவில்லை. அடுத்த மாதம் இட்லியைச் சாம்பாரில் கரைத்துக் குடித்தார். அதற்கடுத்த மாதம் பால் மட்டும் போதும் என்றார்.

"என்ன தம்பி, உடம்பு சரியில்லையா?" என்று கேட்டோம்.

"ஒண்ணுமில்ல அண்ணாச்சி, கேஸுதான். சோடா குடிச்சாச் சரியாப் போகுது" என்றார்.

சட்டை தோளில் தொங்கியது. பற்றில் ஐம்பது ரூபாய் குறைந்தாலும் கண்டுபிடித்து விடுகிற நமக்கு, எதிரே இருக்கும் மனிதர் பத்துக் கிலோ குறைந்தது உறைக்கவில்லை. நாமும் கேஸ் என்றே நம்பினோம். கடைசியில் தண்ணீரே இறங்காமல் போன பிறகு, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அவர் மகன் அழைத்துப் போனார். எண்டோஸ்கோப்பியில் உணவுக் குழாயின் நடுவே கட்டி தெரிந்தது. சதையைக் கிள்ளிச் சோதித்ததில் புற்றுநோய்.

பிறகு மருத்துவரிடம் நாம் விவரமாகக் கேட்டோம். உணவுக் குழாய் ஏறக்குறைய 25 சென்டிமீட்டர் நீளமுள்ள, விரிந்து கொடுக்கும் குழாய். உள்ளே கட்டி வளர்ந்தாலும் ஓரளவு விரிந்து வழி விட்டுவிடும். பாதிக்கு மேல் அடைத்த பிறகே கவளம் நிற்பது தெரியும். முதலில் கெட்டி உணவு நிற்கும், பிறகு குழைந்த சோறு, பிறகு கஞ்சி. நாமோ உணவை மாற்றிக் கொண்டே போகிறோம். வடையை விட்டு இட்லி, இட்லியை விட்டுப் பால். அந்த மூன்று மாதமும் நோய்க்கு நாம் கொடுத்த தவணை.

வாயில் தொடங்கும் தொல்லைகளும் உண்டு. காதுக்கு முன்னும் கீழும், தாடைக்கு அடியில், நாக்குக்கு அடியில் என்று மூன்று ஜோடி உமிழ்நீர்ச் சுரப்பிகள் நமக்கு இருக்கின்றன. ஓர் ஏல அரிசியை நாக்கில் வைத்தால் ஊறுகிறதே, அந்த நீர் இவற்றிலிருந்து வருகிறது. காலையிலிருந்து கல்லாவில் உட்கார்ந்து தண்ணீர் குடிக்க மறந்து போகிறவர்களுக்கு இந்தச் சுரப்பியின் குழாயில் கல் அடைப்பதுண்டு. பெரும்பாலும் தாடைக்கு அடியில் உள்ள சுரப்பியில்தான். சாப்பிட உட்கார்ந்தவுடன் அங்கே வீங்கி வலிக்கும். ஓரிரு மணி நேரத்தில் வற்றிவிடும். சிறிய கல்லானால் நிறையத் தண்ணீர் குடித்து, எலுமிச்சைத் துண்டைச் சப்பி, நீவிவிட்டாலே வெளியேறிவிடும். பெரிய கல்லை எடுக்கத்தான் வேண்டும். வற்றாமல் வளர்ந்து கொண்டே போகிற வீக்கம் வேறு கதை. அதை உடனே காட்ட வேண்டும். பிள்ளைகளுக்கு வரும் பொன்னுக்கு வீங்கி வைரஸால் வருவது. கழுத்தில் தங்கச் சங்கிலி போடுவதால் கெடுதல் இல்லை, குணமும் இல்லை. அரசு போடும் தட்டம்மை, ரூபெல்லா ஊசியில் இதற்கு மருந்து சேர்ந்திருக்கவில்லை. எம்.எம்.ஆர். என்ற ஊசியில் உண்டு.

இனி நம் தொழிலுக்கு வருவோம். இரவு பத்து மணிக்குக் கடை சாத்தி, வயிறு நிறையச் சாப்பிட்டு, கை கழுவிய ஈரம் காயுமுன் படுத்து விடுகிறோம். வயிற்றுப் புளிப்பு மேலே ஏறி நெஞ்சைக் கரிக்கிறது, எதுக்களிக்கிறது. ஆண்டுக்கணக்கில் இப்படியே விட்டால் குழாயின் அடிப்பாகம் புண்ணாகி, சிலருக்கு அங்கேயே புற்று தோன்றுகிறது. சாப்பாட்டுக்கும் படுக்கைக்கும் இடையே இரண்டு மூன்று மணி நேரம் வேண்டும் என்கிறார்கள். கடைக்காரனுக்கு இது நடக்கிற காரியமா என்று கேட்பீர்கள். நாம் ஏழரைக்கே டிபன் வரவழைத்துக் கடையிலேயே முடித்துக் கொள்கிறோம். வீட்டில் திட்டு விழுகிறது, நெஞ்சு கரிக்கவில்லை.

டீ விஷயமும் உண்டு. 65 டிகிரி செல்சியசுக்கு மேல் சூடாகக் குடிக்கும் பானம் உணவுக் குழாய்ப் புற்றுக்குக் காரணமாகக் கூடும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வுப் பிரிவு 2016-இல் சொன்னது. ஈரான் நாட்டின் கோலஸ்தான் பகுதியில் சுடச்சுடத் தேநீர் குடிப்பவர்களிடம் நடந்த ஆய்வும் அதில் சேர்ந்தது. குற்றம் டீயில் இல்லை, சூட்டில்தான். ஆற்றிக் குடித்தால் போதும்.

இதையெல்லாம் விடப் பெரிய காரணம் புகையிலை. சொல்லக் கூச்சமாக இருக்கிறது. நமது மண்டியிலேயே 2000-ஆம் ஆண்டு வரை புகையிலைச் சிப்பம் இறக்கியிருக்கிறோம். மலைத் தோட்டத்துக்கு விடியலில் ஜீப் ஏறிப் போகிறவர்கள் குளிருக்கும் பசிக்கும் ஒரு துண்டுப் புகையிலையை அடக்கிக் கொள்வார்கள். அதைச் சிலமலைக் கடைக்கு அனுப்பியது நாம். நம் நண்பரும் விற்றார், தானும் போட்டார். புகையிலையோடு சாராயமும் சேர்ந்தால் ஆபத்து பல மடங்காகிறது. புகையிலை இல்லாத வெறும் பாக்கும் புற்றுநோய் உண்டாக்கும் என்று அதே ஆய்வுப் பிரிவு அறிவித்திருக்கிறது. தாம்பூலம் கொடுப்பது நம் மரபு. மணிக்கொரு தரம் மெல்லுவது மரபல்ல.

குட்காவுக்குத் தமிழக அரசு 2001-இல் தடை போட்டது. 2004-இல் உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் அது போனது. 2013-இல் உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் மீண்டும் தடை வந்தது. 2023 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்ய, ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அந்தத் தீர்ப்பை நிறுத்தி வைத்தது. வழக்கு எப்படிப் போனாலும் தொண்டைக்கு வாய்தா கிடையாது. சங்கக் கூட்டத்தில் அபராதத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் பேசினோம், நோயைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. நாமும்தான்.

ஆசிட் விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. கழிவறை ஆசிட்டைப் பழைய சோடா பாட்டிலில் ஊற்றிக் கொடுக்காதீர்கள். தண்ணீர் என்று குழந்தை குடித்தால் குழாய் வெந்து, சில வாரங்களில் தழும்பு பிடித்துச் சுருங்கிவிடும். பிறகு மாதக்கணக்கில் விரித்து விரித்து வைத்தியம் செய்ய வேண்டும். குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கக் கூடாது, வரும்போது இரண்டாம் முறையும் சுட்டுவிடும். நேரே மருத்துவமனைதான். ஆசிட் வாங்குகிறவரின் பெயர், முகவரி, காரணம் எழுதிப் பதிவேடு வைக்க வேண்டும், 18 வயதுக்குக் கீழ் விற்கக் கூடாது என்று 2013-இலேயே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது.

நம் நண்பருக்கு மதுரையில் கதிர் வைத்தியமும் மருந்தும் நடந்தன. கட்டி ஓரளவு சுருங்கியது. அறுவைக்கு உடம்பில் பலம் இல்லை என்றார்கள். வழி அடையாமலிருக்கக் கம்பிவலைக் குழல் ஒன்றை உள்ளே வைத்திருக்கிறார்கள். குழைந்த சோறு இறங்குகிறது. முதல் மாதமே வந்திருந்தால் அறுவை செய்து எடுத்திருக்க வாய்ப்பு உண்டு என்று மருத்துவர் சொன்னபோது அவர் மகன் நம் முகத்தைப் பார்த்தார். நாம் என்ன சொல்ல?

இரண்டு வாரத்துக்கு மேல் கவளம் நின்றால், காரணமில்லாமல் எடை குறைந்தால், குரல் கம்மினால் சோடா குடிக்காமல் எண்டோஸ்கோப்பி பாருங்கள். ஆறு முதல் எட்டு மணி நேரம் வெறும் வயிற்றில் போக வேண்டும். தொண்டையில் மரத்துப் போகும் மருந்தைத் தெளித்து, விரல் தடிமன் உள்ள குழாயை விட்டுப் பார்ப்பார்கள். குமட்டும், வலிக்காது. பத்து நிமிட வேலை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருப்பவர்கள் கையோடு எடுத்துச் செல்லவும். வைத்தியம் தேவைப்பட்டால் உதவும். தேனிக்குக் காலை பஸ்ஸில் போனால் மாலைக் கடைக்குத் திரும்பி விடலாம்.