விரல் நீளக் குஞ்சு நான்கடி ஆகும்போது: செவ்வால் கெளுத்தியுடன் பிற பெரிய மீன்களை வளர்க்க முடியுமா?

கொல்கத்தா: ஞாயிறுதோறும் கொல்கத்தாவின் கேலிஃப் தெருவில் கூடும் செல்லப்பிராணிச் சந்தை முதல் சென்னை கொளத்தூரின் வண்ண மீன் கடைகள் வரை, நாட்டில் அலங்கார மீன் வணிகம் நடக்கும் இடங்களில் அண்மைக்காலமாக 'மான்ஸ்டர் ஃபிஷ்' எனப்படும் பெரிய வேட்டை மீன்களுக்கு வரவேற்பு கூடியுள்ளது. அவற்றில் அதிகம் கண்ணைக் கவர்வது 'ரெட் டெயில் கேட்ஃபிஷ்' எனப்படும் செவ்வால் கெளுத்தி. கருத்த முதுகு, பக்கவாட்டில் அகன்ற வெள்ளைப் பட்டை, செம்மஞ்சள் வால், மூன்று இணை மீசைகள் எனக் குஞ்சாக இருக்கும்போது பொம்மை போலவே தோன்றும் இந்த மீன், இரண்டு மூன்று அங்குல அளவில் விற்பனைக்கு வருகிறது.

தென் அமெரிக்காவின் அமேசான், ஓரினோகோ, எஸ்ஸெகிபோ ஆற்றுப் படுகைகளே இதன் தாயகம். அங்கு இது நான்கடிக்கு மேல் வளர்ந்து, 40 கிலோவைத் தாண்டிய எடையையும் எட்டுகிறது. தொட்டியில் நன்றாக உணவு கிடைத்தால் முதல் ஓராண்டிலேயே ஒன்றரை அடியைத் தாண்டுவது வழக்கம். ஆயுளோ 15 ஆண்டுகளுக்கும் மேல். இதை வாங்குவோர் பெரும்பாலும் கேட்கும் கேள்வி, ஏற்கெனவே தொட்டியில் உள்ள ஆஸ்கார், அரோவனா போன்ற மீன்களுடன் சேர்த்து விடலாமா என்பதே.

நீளம் அல்ல, வாயின் அகலமே கணக்கு:

இந்தக் கேள்விக்கு விடை காணப் பலரும் மீன்களின் நீளத்தை ஒப்பிடுகின்றனர். அது தவறான அளவுகோல். செவ்வால் கெளுத்தி இரையைக் கடித்துத் தின்பதில்லை. அகன்ற வாயைத் திறந்து, நீரோடு சேர்த்து உறிஞ்சி முழுதாக விழுங்குகிறது. எனவே பார்க்க வேண்டியது துணை மீனின் உடல் உயரமும் தடிமனும்தான். தன் நீளத்தில் பாதி அளவுள்ள மீனையும், அது ஒல்லியாக இருந்தால், இந்தக் கெளுத்தியால் விழுங்க முடியும்.

வளர்ச்சி வேகத்தில் உள்ள வேறுபாடு இந்தச் சிக்கலை மேலும் கூட்டுகிறது. ஆஸ்கார் மீன் ஓரடி அளவில் வளர்ச்சியை ஏறக்குறைய முடித்துக்கொள்ளும். அதனோடு ஒரே நாளில் தொட்டிக்கு வந்த கெளுத்தி அங்கு நிற்பதில்லை. முதல் சில மாதங்களில் ஆஸ்காரிடம் அடிவாங்கும் நிலையில் இருந்த குஞ்சு, இரண்டாம் ஆண்டில் அதே ஆஸ்காரை விழுங்கும் அளவை எட்டிவிடும். இடைப்பட்ட காலத்தில் இரண்டும் இணக்கமாக வாழ்வதாகத் தோன்றுவதே உரிமையாளரை ஏமாற்றுகிறது.

அரோவனாவின் நிலை சற்று வேறு. வெள்ளி அரோவனா மூன்றடி வரை வளர்வது, நீரின் மேற்பரப்பில் உலவுவது. அடிமட்டத்தில் கிடக்கும் கெளுத்தியுடன் அது மோதாது என்று நம்பப்படுகிறது. பகலில் அது உண்மைதான். ஆனால் கெளுத்தி இரவில் இரை தேடும் மீன். விளக்கு அணைந்தபின் மீசைகளால் தடவி, மணத்தாலும் சுவையாலும் தொட்டி முழுவதையும் துழாவும். அப்போது அசையாமல் மிதக்கும் அரோவனாவின் ஒல்லியான உடல் எளிய இலக்காகிறது. காலையில் ஒரு மீன் காணாமல் போயிருப்பதும், கெளுத்தியின் வயிறு உப்பியிருப்பதும் பெரிய மீன் வளர்ப்போருக்குப் பழகிய காட்சிகள்.

விழுங்கியதால் வேட்டை மீனே இறப்பதும் உண்டு. கண்ணாடியைச் சுத்தம் செய்யும் என்று தொட்டிகளில் விடப்படும் 'சக்கர்' மீன், ஆபத்து நேரும்போது முதுகு, மார்புத் துடுப்பு முட்களை விறைப்பாக விரித்துப் பூட்டிக்கொள்ளும். அந்த நிலையில் அது கெளுத்தியின் தொண்டையில் சிக்கினால், பெரும்பாலும் இரண்டும் பிழைப்பதில்லை. கூழாங்கற்கள், பிளாஸ்டிக் அலங்காரப் பொருட்கள், நீரைச் சூடாக்கும் ஹீட்டர் ஆகியவற்றையும் இந்த மீன் விழுங்க முயல்வதால், அடித்தளத்தில் கற்கள் இல்லாத வெறும் தொட்டியே இதற்குப் பாதுகாப்பானது.

யாருடன் சேர்க்கலாம்?

விழுங்க முடியாத அளவுக்கு உயரமும் பருமனும் கொண்ட, வளர்ச்சியிலும் ஈடுகொடுக்கும் மீன்களே ஓரளவு பொருந்தும். நன்கு வளர்ந்த ராட்சத கௌராமி, தட்டு வடிவ உடல் கொண்ட பாக்கு மீன் ஆகியவை இவ்வகையின. இந்தியாவில் உணவுக்காக 'ரூப்சந்த்' என்ற பெயரில் வளர்க்கப்படுவதும், சில கடைகளில் 'பிரானா' என்று சொல்லி விற்கப்படுவதும் இந்தப் பாக்கு மீன்தான். ஆந்திராவில் பெருமளவில் வளர்க்கப்படும் பங்காசியஸ் மீனின் குஞ்சுகளும் 'ஷார்க்' என்ற பெயரில் தொட்டிகளுக்கு வருகின்றன. மூன்றடிக்கு மேல் வளரும் இந்த மீன் கூட்டமாக வாழ்வது, எளிதில் மிரள்வது. மிரளும்போது கண்ணாடியில் மோதி மூக்கை உடைத்துக்கொள்ளும்.

இந்தப் பட்டியலைக் கண்டு எளிதென எண்ணிவிடக் கூடாது. ஒரு கெளுத்திக்கே இடம் போதாத நிலையில், அதற்குத் துணையாகும் ஒவ்வொரு மீனும் இரண்டடி, மூன்றடி வளர்வது.

தளம் தாங்குமா?

வீடுகளில் பரவலாகக் காணப்படும் தொட்டி நான்கடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் கொண்டது. அதன் கொள்ளளவு சுமார் 255 லிட்டர். முழு வளர்ச்சி பெற்ற செவ்வால் கெளுத்தியால் ஒன்றரை அடி அகலத்தில் உடலைத் திருப்பக்கூட முடியாது. அது துணை மீன்களுடன் இயல்பாக நீந்த 15 அடி நீளம், 8 அடி அகலம், 4 அடி ஆழம் என்ற அளவில் தொட்டி கட்டுவதாகக் கொண்டால், கொள்ளளவு ஏறக்குறைய 13,600 லிட்டர். நீரின் எடை மட்டும் 13.6 டன்.

இந்தியத் தரநிலைகளின்படி குடியிருப்புகளின் தளம் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ கூடுதல் சுமையைத் தாங்கும் வகையில் வடிவமைக்கப்படுகிறது. நான்கடி ஆழ நீர் சதுர மீட்டருக்கு 1,200 கிலோவுக்கு மேல் அழுத்தும். அடுக்குமாடி வீட்டில் இதற்கு இடமே இல்லை; தரையில் கட்டப்பட்ட குளம்தான் வழி.

நீரின் தரமும் அதே அளவு முக்கியம். மீன்கள் செவுள் வழியே வெளியேற்றும் அம்மோனியா நச்சுத்தன்மை கொண்டது. வடிகட்டியில் வாழும் பாக்டீரியாக்கள் அதை நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. பெரிய மீன் ஒரே வேளையில் அதிகம் உண்டால், அந்த பாக்டீரியாக்களால் ஈடுகொடுக்க முடியாமல் அம்மோனியா திடீரென உயரும். கெளுத்தி அதைத் தாங்கினாலும் உடனிருக்கும் மீன்கள் முதலில் பாதிக்கப்படலாம். வாரந்தோறும் மூன்றில் ஒரு பங்கு நீரையாவது மாற்ற வேண்டும் என்றால், மேற்சொன்ன தொட்டிக்கு அது 4,500 லிட்டர். கோடையில் தண்ணீர் லாரிக்குக் காத்திருக்கும் நகரங்களில் இது சிறிய கணக்கு அல்ல.

மீன் தொட்டியின் அளவுக்கு ஏற்பத்தான் வளரும் என்ற நம்பிக்கையை விற்பனையாளர்கள் சிலரும் பரப்புகின்றனர். உண்மையில் நெருக்கடியான இடத்திலும் கெட்ட நீரிலும் வளர்ச்சி குன்றுவது உடல்நலக் கேட்டின் அறிகுறி. முதுகெலும்பு வளைவும் குறுகிய ஆயுளும் அதன் விளைவுகள். உயிருள்ள தங்க மீன்களை இரையாகப் போடும் பழக்கமும் நல்லதல்ல. அவற்றில் உள்ள தயமினேஸ் என்ற நொதி, காலப்போக்கில் வேட்டை மீனுக்கு வைட்டமின் பி1 குறைபாட்டை உண்டாக்கும். நோய்த்தொற்றும் வந்து சேரும்.

ஆற்றில் விடுவது தீர்வு ஆகாது:

வளர்க்க முடியாத நிலையில் மீனை அருகிலுள்ள ஏரியிலோ ஆற்றிலோ விட்டுவிடுவதைச் சிலர் கருணையாக எண்ணுகின்றனர். 2018 கேரள வெள்ளத்துக்குப் பின் அம்மாநில ஆறுகளில் அமேசானின் அராபைமாவும், வட அமெரிக்காவின் அலிகேட்டர் காரும் பிடிபட்டன. 2020-ல் வாரணாசி அருகே கங்கையில் சக்கர் மீன் கிடைத்தது. 2023 மே மாதம் ஸ்ரீநகரின் தால் ஏரியில் அலிகேட்டர் கார் பிடிபட்டு அதிகாரிகளைக் கவலைக்குள்ளாக்கியது. உணவுக்காகக் கொண்டுவரப்பட்ட ஆப்பிரிக்கத் தேளி மீன், உள்நாட்டு மீன்களை அழிப்பதால் தடை செய்யப்பட்ட பின்னரும் நீர்நிலைகளில் இருந்து அகலவில்லை என்பது குறிப்பிடத்தக்கது.

2022-ல் திருத்தப்பட்ட வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், ஆக்கிரமிப்பு அயல் இனங்களின் இறக்குமதி, வணிகம், வைத்திருத்தல் ஆகியவற்றைக் கட்டுப்படுத்த மத்திய அரசுக்கு அதிகாரம் அளிக்கிறது. மீன் மிகப் பெரிதானால் திரும்பப் பெற்றுக்கொள்வார்களா என்பதைக் கடையில் வாங்கும் முன்பே கேட்டுவிடுவது நல்லது. இரண்டடி கடந்த கெளுத்தியைப் பொதுக் காட்சியகங்களும் எளிதில் ஏற்பதில்லை.

நான்கடித் தொட்டியிலேயே மீசை மீனைக் காண விரும்புவோருக்கு, நம் ஆறு குளங்களில் வாழும் கோடுபோட்ட சிறு கெளுத்திகள் உள்ளன. அவை பொதுவாக ஒரு சாண் அளவைத் தாண்டுவதில்லை. ஆனால் அவையும் கெளுத்திகளே. அவற்றின் வாய்க்குள் நியான் டெட்ரா எளிதில் நுழையும்.