வயிற்றில் வாயு செலுத்துவது எதற்கு?

"வயித்துக்குள்ள காத்தடிச்சி ஆபரேஷன் பண்றாங்களாமே, வெடிச்சிடாதா?"

பித்தப்பைக் கல்லுக்கு நாள் குறித்துக் கொடுத்ததும் நம் தாய்மார்கள் பலர் கேட்கும் கேள்வி இது. பயந்துபோய்த் தேதியைத் தள்ளிப் போடுகிறவர்களும் உண்டு. நியாயமான கேள்விதான். பதிலைத் தெரிந்துகொள்வோம்.

முன்பு வயிற்றை நீளமாக அறுத்துத்தான் பித்தப்பையை எடுத்தார்கள். இப்போது மூன்று, நான்கு சிறு துளைகள் போதும். ஒன்றில் விளக்கும் கேமராவும் போகும். ஆனால் உள்ளே குடலும் ஈரலும் நெருக்கி அடைந்து கிடக்கின்றன. கூடாரத் துணியைத் தூக்கிக் கட்டினால்தானே உள்ளே கை வீச முடியும்? அப்படித் தூக்கிப் பிடிப்பதுதான் வாயுவின் வேலை.

அது சோடாவில் நுரைக்கும் அதே கரியமிலவாயு. தீப்பற்றாது, இரத்தத்தில் கரைந்து மூச்சு வழியே வெளியேறிவிடும்.

1901-ல் கெல்லிங் என்ற ஜெர்மானிய மருத்துவர் ஒரு நாயின் வயிற்றில் வடிகட்டிய காற்றைச் செலுத்திப் பார்த்தார். பிறகு ஹங்கேரியின் வெரெஸ், காசநோயாளிகளுக்கென ஓர் ஊசியை வடிவமைத்தார். வயிற்றில் வாயு செலுத்த இன்றும் பயன்படுவது அதுவே. வாயுவை அளந்து விடும் தானியங்கி இயந்திரத்தை உருவாக்கிய ஜெர்மானியர் செம், 1980-ல் இம்முறையில் குடல்வாலை எடுத்தார். சக மருத்துவர்களே அவரை எதிர்த்தார்கள். 1985-ல் இன்னொரு ஜெர்மானியரான மூஹே பித்தப்பையை எடுத்தார்.

வெடிக்காதா? வழக்கமான அழுத்தம் 12 முதல் 15 மில்லிமீட்டர் பாதரசம்தான். அதைத் தாண்டாமல் இயந்திரம் காவல் காக்கும். மிஞ்சினால் மூச்சுக்கும் இருதயத்துக்குத் திரும்பும் இரத்தத்துக்கும் இடைஞ்சல் வரும்.

இதிலும் குறைந்த அழுத்தம் போதுமா என்று சோதிக்கிறார்கள். தோள்வலி குறைவதாகப் பல சோதனைகளில் தெரிந்தது; ஆனால் டாக்டருக்கு உள்ளே இடம் சுருங்குகிறது. வாயுவைச் சூடாக்கி, ஈரமாக்கிச் செலுத்தியும் பார்த்தார்கள். உடல் குளிர்வது சற்றுக் குறைந்தது. வலி பெரிதாகக் குறையவில்லை. புதுசு என்பதாலேயே உசத்தி என்று ஆகிவிடாது.

"புது மெஷின் சோதனை, கையெழுத்துப் போடும்மா" என்று யாராவது காகிதம் நீட்டினால் அவசரப்படாதீர்கள். "எதுக்கு? என்ன ஆபத்து? வேற வழி இருக்கா?" என்று நம் மொழியில் விளக்கச் சொல்லுங்கள். சோதனைக்கு நோயாளி மனமறிந்து சம்மதிக்க வேண்டும் என்பது 1964-ல் உலக மருத்துவச் சங்கம் வகுத்த ஹெல்சிங்கிப் பிரகடனத்தின் விதி. மறுத்தாலும் வழக்கமான சிகிச்சை கிடைத்தாக வேண்டும்.

ஆபரேஷனுக்குப் பிறகு இரண்டொரு நாள் தோள் வலிக்கலாம். மிஞ்சிய வாயு உதரவிதானத்தை உறுத்துவதால் வருவது அது. மெல்ல நடமாடுங்கள். ஆனால் காய்ச்சல், கண் மஞ்சளாதல், கூடிக்கொண்டே போகும் வயிற்றுவலி, மூச்சுத் திணறல் கண்டால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள்.

கடைசியாக ஒன்று. வெளியே துளை சின்னதுதான். உள்ளே அறுத்தது அறுத்ததுதான். பழக்குலை தூக்கவும் மருந்துப் பம்பு சுமக்கவும் எத்தனை வாரம் கூடாது என்று டாக்டரிடம் எழுதி வாங்குங்கள். "சின்ன ஓட்டைதானே, நாளைக்கு வேலைக்கு வா" என்று மண்டோர் சொன்னால் அந்தக் காகிதத்தைக் காட்டுங்கள்.