உங்களுக்குத் தெரியுமா? சாயம் போன சிவப்பு

கண்ணை அசைத்தால் வலி. ஓரிரு நாளில் ஒரு கண் மங்கல். பார்வை நரம்பு அழற்சி பெரும்பாலும் இப்படித்தான் வரும். பலருக்கும் சில வாரங்களில் பார்வை திரும்பிவிடும், நிறம்தான் அடம்பிடிக்கும். வற்றல் மிளகாயின் சிவப்பு அந்தக் கண்ணுக்கு மட்டும் வெளுத்துத் தெரியலாம். கம்பம் திராட்சைத் தோட்டத்தில் சித்திரை வெயிலில் நின்று உடம்பு சூடேறினால் சிலருக்கு அந்தக் கண்ணில் பார்வை மங்கி, உடம்பு ஆறியதும் தெளியும். பழைய பாதிப்பின் மிச்சம் அது. நோய் திரும்பியதாக அர்த்தமில்லை.

1992-ல் வெளியான அமெரிக்க ஆய்வில் 457 நோயாளிகள். ரத்தநாள ஊசியில் ஸ்டீராய்டு ஏற்றியவர்களுக்குப் பார்வை சீக்கிரம் தெளிந்தது. ஓராண்டுக்குப் பின் பெரிய வித்தியாசமில்லை. வெறும் ஸ்டீராய்டு மாத்திரை தின்றவர்களுக்கோ நோய் மீண்டும் வந்தது அதிகம்! மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் வழக்கம் இங்கே உதவாது. கண் மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்; கம்பம் இருக்கும் மாவட்டத்தின் தலைநகரான தேனியிலேயே 1985 முதல் அரவிந்த் கண் மருத்துவமனை இருக்கிறது.