ஐந்து கிலோ அரிசி, ஒன்றரை கிலோ பருப்பு

2019 ஆகஸ்டில் ஜார்க்கண்ட் மாநிலத்தின் நான்கு மாவட்டங்களில் ஒரு மருத்துவச் சோதனை ஆய்வு தொடங்கியது. செய்திகளில் ‘கிளினிக்கல் டிரையல்’ என்று அடிபடுகிறதே, அந்த வகைதான். குலுக்கல் முறையில் குழு பிரித்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க ஒரு குழுவை வைத்தார்கள், இரண்டு ஆண்டுகளுக்கும் மேல் கண்காணித்தார்கள், முடிவை 2023இல் ‘லான்செட்’ இதழில் வெளியிட்டார்கள். சோதனைக்கு எடுத்துக்கொண்ட மருந்து, ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ அரிசியும் ஒன்றரை கிலோ துவரம்பருப்பும். கூடவே வைட்டமின் மாத்திரைகள். பத்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு அதில் பாதி.

ஆய்வின் பெயர் ‘ரேஷன்ஸ்’. நடத்தியவர்கள் மங்களூரு யேனபோயா மருத்துவக் கல்லூரியைச் சேர்ந்த அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகிய மருத்துவர்கள். உடன் நின்ற நிறுவனங்களில் ஒன்று சென்னை சேத்துப்பட்டில் உள்ள தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனம். அவர்கள் விடை தேடிய கேள்வி இது: வீட்டில் ஒருவருக்கு டிபி வந்திருக்கிறது, அதே கூரையின்கீழ் அவரோடு மூச்சு விடும் மற்றவர்களுக்கு நல்ல சாப்பாடு கொடுத்தால், அந்த நோய் அவர்களுக்கு வராமல் தடுக்க முடியுமா?

கேள்வி புரிய வேண்டுமென்றால் ஒரு விஷயத்தை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். காசநோய்க் கிருமி உடலுக்குள் போவது வேறு, காசநோய் வருவது வேறு. கிருமி தொற்றியவர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேருக்குத்தான் வாழ்நாளில் என்றாவது நோயாக வெளிப்படுகிறது. மற்றவர்களின் உடலில் வெள்ளணுக்கள் கிருமியைச் சுற்றி வேலி போட்டு அடைத்து வைத்துவிடுகின்றன. கிருமி சாவதில்லை, உள்ளேயே கிடக்கிறது. எச்.ஐ.வி., நீரிழிவு, புகை, மது என்று அந்த வேலியைத் தளர்த்தும் காரணங்கள் பல உண்டு. நம் நாட்டில் அவற்றில் முன்னிற்பது பசி. புரதமும் கலோரியும் போதாத உடலில் கிருமியை அடக்கி வைக்கும் வெள்ளணுக்கள் எண்ணிக்கையிலும் குறைகின்றன, வேலைத்திறனிலும் குறைகின்றன.

இது மருத்துவர்களுக்குப் பழைய செய்திதான். மாத்திரைகள் வருவதற்கு முன்பு காசநோய்க்கு இருந்த சிகிச்சையே ஓய்வும் நல்ல காற்றும் நல்ல சாப்பாடும்தான். இங்கிலாந்தில் கேம்பிரிட்ஜ் அருகே பாப்வொர்த் என்ற ஊரில் 1918 முதல் ஒரு குடியிருப்பு இருந்தது. காசநோயாளிகள் அங்கே குடும்பத்தோடு தங்கி, வேலை பார்த்து, கூலி வாங்கி, வயிறார உண்டு வாழ்ந்தார்கள். அங்கே பிறந்த குழந்தைகளுக்கு நோயாளிகளான பெற்றோரிடமிருந்து கிருமி தொற்றியது. ஆனால் நோய் வந்தது மிகச் சிலருக்கே. இதைப் பார்கவா குழுவினர் முன்பே ஆராய்ந்து எழுதியிருக்கிறார்கள். பின்னே, உணவின் பங்கு மருத்துவத்தின் கவனத்திலிருந்து எப்படி நழுவியது? அதற்கான விடையில் பாதி சென்னையில் இருக்கிறது.

1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகிய நான்கும் சேர்ந்து சேத்துப்பட்டில் ஒரு காசநோய் மருந்துச் சிகிச்சை மையத்தைத் தொடங்கின. இன்றைய தேசிய நிறுவனத்தின் தொடக்கம் அதுதான். முதல் இயக்குநர் வாலஸ் ஃபாக்ஸ் என்ற பிரிட்டிஷ் மருத்துவர். அப்போது நாட்டில் காசநோயாளிகள் லட்சக்கணக்கில். சானடோரியம் எனப்பட்ட காசநோய் மருத்துவமனைகளில் படுக்கைகளோ மிகக் குறைவு. படுக்கைக்குக் காத்திருந்தே செத்துப்போனவர்கள் ஏராளம். நல்ல மருந்துகள் கைக்கு வந்திருந்த நேரம் அது. அவற்றை நெருக்கடியான குடிசையில், அரைவயிற்றுச் சாப்பாட்டோடு, வீட்டிலிருந்தபடியே சாப்பிட்டால் வேலை செய்யுமா என்பது யாருக்கும் தெரியாது.

193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பகுதியினர் ஓராண்டு சானடோரியத்தில். மறு பகுதியினர் தங்கள் வீட்டில். இருவருக்கும் ஒரே மருந்துகள், ஐசோனியாசிடும் பி.ஏ.எஸ்.ஸும். குலுக்கல் ஏன் என்று இங்கே சொல்லிவிட வேண்டும். யாரை எங்கே அனுப்புவது என்பதை மருத்துவர் முடிவு செய்தால், அவருடைய இரக்கம் குறுக்கே வரும். மிக மோசமாக இருப்பவரைச் சானடோரியத்துக்கு அனுப்பத் தோன்றும். அப்புறம் அங்கே சாவு கூடினால், அது இடத்தால் நேர்ந்ததா நோயின் கடுமையால் நேர்ந்ததா என்று பிரித்தறியவே முடியாது. குலுக்கலுக்கு இரக்கமும் தெரியாது, விருப்பமும் தெரியாது. வயது, வறுமை, நோயின் கடுமை, நாம் நினைத்துக்கூடப் பார்க்காத வேறு காரணங்கள் எல்லாம் இரண்டு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவில் பிரிந்துவிடும். மிஞ்சும் வித்தியாசம் சிகிச்சையினுடையது. வீட்டில் இருந்தவர்கள் மாத்திரையைச் சாப்பிடுகிறார்களா என்று பார்க்க, மையத்தின் ஊழியர்கள் சொல்லாமல் கொள்ளாமல் போய் மாத்திரைகளை எண்ணினார்கள், சிறுநீரைச் சோதித்தார்கள்.

முடிவு 1959இல் வந்தது. சானடோரியத்தில் குணமானது போலவே வீட்டிலும் குணமானது. குடும்பத்தாரைத் தொடர்ந்து ஐந்தாண்டுகள் பார்த்ததில், வீட்டுச் சிகிச்சையால் அவர்களுக்குக் கூடுதல் ஆபத்து இல்லை என்பதும் தெரிந்தது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட்டதற்கும், ஏழை நாடுகளில் கோடிக்கணக்கானோர் வீட்டிலிருந்தே மருந்து சாப்பிட்டுப் பிழைத்ததற்கும் இந்தச் சென்னை ஆய்வு ஒரு முக்கியக் காரணம். இருபதாம் நூற்றாண்டில் தமிழ் மண்ணில் நடந்த அறிவியல் வேலைகளில் இதற்கு ஈடாக வைக்கத்தக்கவை மிகச் சிலவே என்பது என் கருத்து. நம் பள்ளிப் பாடங்களில் இதற்கு ஒரு பக்கமாவது ஒதுக்க வேண்டும்.

அதே நோயாளிகளின் சாப்பாட்டையும் மையத்தார் அளந்திருந்தார்கள். 1961இல் அது தனிக் கட்டுரையாக வந்தது. சானடோரியத்தில் இருந்தவர்களுக்குக் கலோரியும் புரதமும் கூடுதலாகக் கிடைத்தன, எடையும் நன்றாக ஏறியது. ஆனாலும் நோய் அடங்குவதில் அவர்கள் வீட்டிலிருந்தவர்களைவிட மேலாக இல்லை. சரியான மருந்து இருந்தால், குணமாவதற்குச் சாப்பாடு பெரிய காரணமில்லை என்று அந்தக் கட்டுரை முடித்தது.

அவர்கள் கேட்ட கேள்விக்கு அது சரியான விடைதான். நோயாளியின் சளியில் இருக்கும் கிருமியை மருந்து ஒழிக்கிறதா என்பதே அவர்களின் கேள்வி. ஆனால் அடுத்து வந்த பல பத்தாண்டுகளில் அந்த விடை அகன்றுகொண்டே போனது. மாத்திரை போதும், சாப்பாடு நோயாளியின் சொந்த விஷயம் என்று காசநோய்த் திட்டங்கள் நடந்துகொண்டன. மாத்திரை தொடங்கிய முதல் சில வாரங்களிலேயே எலும்பும் தோலுமாக இறந்துபோகிறவரைப் பற்றியோ, அதே வீட்டில் அதே பசியோடு இருக்கும் அவருடைய பிள்ளைகளைப் பற்றியோ 1961ஆம் ஆண்டுக் கட்டுரை எதுவும் சொல்லவில்லை. வீட்டாரைப் பற்றிய கேள்வியை யாரும் குலுக்கிப் பார்க்காமலே ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் போய்விட்டன.

ஜார்க்கண்டில் குலுக்கிய விதம் சென்னையிலிருந்து மாறுபட்டது. ஆட்களை அல்ல, வட்டாரங்களைக் குலுக்கினார்கள். அரசின் காசநோய்த் திட்டத்தில் வட்டார அளவில் இயங்கும் பிரிவுகள் உண்டு. அப்படிப்பட்ட 28 பிரிவுகளை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரே தெருவில் ஒரு வீட்டுக்கு அரிசி மூட்டை வந்து அடுத்த வீட்டுக்கு வராவிட்டால் ஊரில் மனத்தாங்கல் வரும். அதைவிட, வாங்கியவர் வாங்காதவரோடு பகிர்ந்துகொள்வார். பகிர்ந்தால் ஒப்பீடு கெட்டுவிடும். வட்டாரத்தையே ஓர் அலகாக எடுத்துக்கொண்டால் இந்தச் சிக்கல் பெரும்பாலும் தீர்கிறது. மொத்தம் 2,800 நோயாளிகள். அவர்களுடைய வீடுகளில் 10,345 பேர். இவர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் சந்தால், ஹோ, முண்டா, ஒராவோன், பூமிஜ் போன்ற பழங்குடி மக்கள். வீட்டாரில் மூன்றில் ஒருவருக்கு ஏற்கெனவே ஊட்டக்குறைவு.

நோயாளிகளுக்கு இரண்டு பக்கமும் உணவு கொடுத்தார்கள்: மாதம் பத்துக் கிலோ கொண்ட பை. அரிசி, வறுத்த கடலை மாவு, பால் பொடி, எண்ணெய். எலும்பு தெரியும் உடம்போடு வந்த ஒருவரை ‘நீங்கள் ஒப்பீட்டுக் குழு’ என்று சொல்லி வெறுங்கையோடு அனுப்புவது எந்த வகையிலும் நியாயமில்லை. குடும்பத்தாருக்கு மட்டும் ஒரு பக்கம் அரிசி பருப்பு. மறுபக்கம் வழக்கமான வீட்டுச் சாப்பாடு.

மாத்திரை ஆய்வுகளில் போலி மாத்திரை கொடுத்து, யார் எதைச் சாப்பிடுகிறார்கள் என்பதை மறைக்கலாம். போலி அரிசி என்று ஒன்று கிடையாது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். அப்போது நோயைக் கண்டுபிடிப்பதில் சாய்வு நுழைய வழி உண்டு. அதனால்தான் இந்த ஆய்வில் நான் முதலில் தேடிய எண், மருத்துவர் பார்த்துச் சொன்ன நோய்களின் எண்ணிக்கை அன்று. ஆய்வகத்தில் கிருமி உறுதியான நுரையீரல் காசநோயின் எண்ணிக்கை. சளியில் இருக்கும் கிருமிக்கு யார் வீட்டுக்கு மூட்டை போனது என்று தெரியாது.

இப்போது முடிவுக்கு வரலாம். உணவு பெற்ற பக்கத்தில் 5,621 பேரில் 96 பேருக்கு நோய் வந்தது. பெறாத பக்கத்தில் 4,724 பேரில் 122 பேருக்கு. ஆயிரத்துக்குச் சொன்னால் 17, 26. ஒவ்வொருவரையும் எவ்வளவு காலம் பார்த்தார்கள் என்பதையும் வட்டாரங்களுக்கு இடையிலான வேறுபாட்டையும் கணக்கில் சேர்த்த பிறகு, நோய் 39 விழுக்காடு குறைந்திருந்தது. கிருமி உறுதியான நுரையீரல் நோயில் குறைவு 48 விழுக்காடு. 39 என்பதைக் கல்வெட்டாக எடுத்துக்கொள்ளக் கூடாது. தற்செயலின் பங்கையும் சேர்த்துக் கணக்கிட்டால் உண்மையான குறைவு 15 முதல் 57 விழுக்காட்டுக்குள் எங்கேயும் இருக்கலாம். பூஜ்யம் அந்த எல்லைக்குள் வரவில்லை என்பதுதான் முக்கியம்.

இன்னொன்றும் உண்டு. ஆய்வு நடந்துகொண்டிருந்த 2020 ஏப்ரலில், கொரோனா ஊரடங்கைத் தொடர்ந்து, மத்திய அரசு ரேஷன் அட்டைக்காரர்களுக்கு ஆளுக்கு மாதம் ஐந்து கிலோ தானியம் கூடுதலாக இலவசமாகத் தரத் தொடங்கியது. ஒப்பீட்டுக் குழுவின் வீடுகளுக்கும் அது போயிருக்கும். ஆக, உண்மையான பசிக்கும் நிறைந்த வயிற்றுக்கும் இடையிலான முழு வித்தியாசத்தை இந்த ஆய்வு அளக்கவில்லை. அதைவிடச் சுருங்கிய ஒன்றையே அளந்தது. அப்படியும் இவ்வளவு.

இந்த ஆய்விலிருந்து செய்திகளில் அதிகம் அடிபட்ட எண் வேறு ஒன்று. முதல் இரண்டு மாதங்களில் 5 விழுக்காடு எடை ஏறிய நோயாளிகளுக்குச் சாவின் அபாயம் 61 விழுக்காடு குறைவு என்பது அது. நோயாளிகளில் ஐந்தில் நான்கு பேருக்கு மேல் எடை குறைந்தவர்கள். ஏறக்குறைய பாதிப் பேர் கடுமையான ஊட்டக்குறைவில் இருந்தவர்கள். ஆகவே அந்த எண் மனத்தைத் தொடுகிறது. ஆனால் இதையும் 39 விழுக்காட்டையும் ஒரே தட்டில் வைத்துவிட வேண்டாம். நோயாளிகள் எல்லோருக்கும் உணவு கிடைத்ததால், இங்கே ஒப்பிடக் குலுக்கல் குழு கிடையாது. எடை ஏறியவர் பிழைத்தார் என்பதும், பிழைக்கக்கூடிய நிலையில் இருந்தவருக்கு எடை ஏறியது என்பதும் இந்தக் கணக்கில் கலந்து கிடக்கின்றன. உணவு உயிர் காக்கிறது என்று நானும் நம்புகிறேன். மற்ற சான்றுகளும் அந்தப் பக்கமே கைகாட்டுகின்றன. ஆனால் குலுக்கலில் நின்று தேர்ந்த முடிவு வீட்டாரைப் பற்றியது.

நோயாளியின் எடையை அபாயம் அறியும் கருவியாகவே மாற்றிய முயற்சி ஒன்று தமிழ்நாட்டில் நடக்கிறது. 2022இல் தொடங்கிய ‘காசநோய் இறப்பிலாத் திட்டம்’ அது. டிபி உறுதியானதும் சுகாதார ஊழியர் அங்கேயே சிலவற்றைப் பார்க்கிறார்: உயரத்துக்கேற்ற எடை (பி.எம்.ஐ.), கால் வீக்கம், நிமிடத்துக்கு எத்தனை மூச்சு, ரத்தத்தில் ஆக்ஸிஜன், பிடிமானமில்லாமல் எழுந்து நிற்க முடிகிறதா. பி.எம்.ஐ. 14 அல்லது அதற்கும் கீழே என்றால் அபாயம். 160 செ.மீ. உயரமுள்ள ஒருவர் 36 கிலோவுக்கும் குறைவாக இருக்கும் நிலை அது. மூச்சு 24க்கு மேல், ஆக்ஸிஜன் 94க்குக் கீழ் என்றாலும் அபாயம். அப்படிப்பட்டவரை உடனே மருத்துவமனையில் சேர்க்க வேண்டும். இதற்கு ஆய்வகம் வேண்டாம். எடையும் உயரமும் பார்க்கும் கருவிகளும் விரலில் மாட்டும் ஆக்ஸிமீட்டரும் கடிகாரமும் போதும். வீட்டுச் சிகிச்சை பெரும்பாலோருக்குப் போதும் என்று ஒரு காலத்தில் உலகுக்குச் சொன்ன அதே தமிழ் மண், யாரை வீட்டுக்கு அனுப்பக் கூடாது என்பதையும் இப்போது வரையறுத்திருக்கிறது.

காசநோயாளிகளின் உணவுக்காக மத்திய அரசு 2018 முதல் மாதம் 500 ரூபாய் வங்கிக் கணக்கில் செலுத்திவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். நன்கொடையாளர்கள் வழங்கும் உணவுப் பையை வீட்டாருக்கும் விரிவுபடுத்தப்போவதாக அதே சமயம் அறிவிப்பும் வந்தது. ஆனால் ஜார்க்கண்டில் சோதித்தது பணத்தையும் அல்ல, நன்கொடையையும் அல்ல. ஒவ்வொரு மாதமும் தவறாமல் வீடு வந்து சேர்ந்த தானியத்தையும் பருப்பையும். 1,000 ரூபாய் வீட்டு வாடகைக்குப் போகலாம், கடனுக்குப் போகலாம். நன்கொடையாளர் ஒரு மாதம் வராமல் இருக்கலாம். தமிழ்நாட்டில் ஊருக்கு ஊர் ரேஷன் கடை இருக்கிறது. அங்கே அரிசியும் துவரம்பருப்பும் ஏற்கெனவே விநியோகமாகின்றன. டிபி மாத்திரை தொடங்கும் நாளிலேயே அந்த வீட்டின் அட்டையில், ஆளுக்கு இத்தனை கிலோ என்று கூடுதல் அரிசியையும் பருப்பையும் பதிவு செய்ய வேண்டும்.