ஒரு கேள்வி கேட்டிருந்தால்…

மதுரைக்கு மேற்கே, சமணமலையின் அடிவாரத்தில் உள்ள ஊர் கீழக்குயில்குடி. 2018ஆம் ஆண்டு மே மாதத்தில் ஒருநாள், அங்கு எண்பது வயதுப் பெரியவர் ஒருவரைச் சந்திக்கச் சென்றிருந்தேன். தெருவில் திடீரெனக் கூச்சல் எழுந்தது. கொசுவலை விற்க வந்த வடநாட்டு இளைஞர் ஒருவரைப் பத்துப் பதினைந்து பேர் சூழ்ந்துகொண்டனர். "பிள்ளை பிடிக்கிறவன்! விடாதீங்க!" என்றது ஒரு குரல். அவரோ தமிழறியாது, கைகூப்பி நடுங்கி நின்றார்.

பெரியவர் கைத்தடியை ஊன்றி வெளியே வந்தார். "யார் வீட்டுப் பிள்ளையப்பா காணாமப் போச்சு? ஒருத்தர் சொல்லுங்க" என்றார். எவரும் வாய் திறக்கவில்லை. காணாமற்போன பிள்ளை இருந்தாலல்லவா சொல்வதற்கு! இளைஞருக்குக் குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். கூட்டம் தலைகுனிந்து கலைந்தது.

அன்பர்களே, அதே மாதம் வேறோர் ஊரில் இக்கேள்வியைக் கேட்க ஆளில்லை. மே 9ஆம் நாள், திருவண்ணாமலை மாவட்டம் போளூரை அடுத்த அத்திமூரில், குலதெய்வக் கோவிலுக்குக் காரில் வந்த குடும்பத்தினர் வழி கேட்க நின்றனர். அவர்களுள் ஒருவரான 65 வயது மூதாட்டி, அங்கிருந்த குழந்தைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பாட்டியின் பாசம் பாதகமாகக் கருதப்பட்டது. கூட்டம் அடித்ததில் அவர் மாண்டார். உடன்வந்த நால்வர் படுகாயமுற்றனர். அந்நாட்களிலேயே பழவேற்காட்டிலும் ஒருவர் கொல்லப்பட்டுப் பாலத்தில் தொங்கவிடப்பட்டார். ஜூலை 1ஆம் நாள் மகாராஷ்டிர மாநிலம் துலே மாவட்டத்தில், ஊர் ஊராகச் சென்று பிச்சை ஏற்று வாழும் நாடோடிகள் ஐவர் அடித்துக் கொல்லப்பட்டனர்.

இத்தனைக்கும் வித்து, கைப்பேசி வழியே பரவிய பொய்ச் செய்திகளே. அவற்றுள் ஒன்று, பாகிஸ்தானின் கராச்சி நகரில் குழந்தைப் பாதுகாப்புக்காக எடுக்கப்பட்ட விழிப்புணர்வுப் படம். குழந்தையைத் தூக்கிச் சென்றவர்களே அதைத் திரும்ப விட்டுவிட்டு எச்சரிக்கை வாசகத்தைக் காட்டும் இறுதிப்பகுதியை யாரோ வெட்டியெறிந்தனர்; எஞ்சியது உண்மைக் கடத்தலாக உலா வந்தது. அந்த ஜூலையில், ஒரு செய்தியை ஒரே நேரத்தில் ஐந்து உரையாடல்களுக்கு மேல் முன்னனுப்பவியலாதவாறு வாட்ஸ்அப் நிறுவனம் இந்தியாவில் வரம்பை அறிவித்தது. மனத்திற்கு வரம்பிடுவது யார்?

வதந்தியை அனுப்பியோர் அனைவரும் கொடியவரல்லர். "ஒருவேளை உண்மையாக இருந்தால்?" என அஞ்சிய தாய்மாரும் தந்தையருமே பலர். ஒரே பொய் மூன்று வாய்வழியே வரும்போது, மூன்று சாட்சிகள் கிடைத்துவிட்டதாக நாம் எண்ணிக்கொள்கிறோம். அச்சத்திற்கு ஒரு முகம் தேவைப்படுகிறது. மொழி தெரியாதவர், மனநலம் குன்றியவர், வழிப்போக்கர் எனப் பரிந்துபேச ஆளற்றவரின் முகமே அதற்கு எளிதில் அகப்படுகிறது. ஐயுற்றவர் நால்வர் அடிக்கிறார்கள்; ஐயுறாத நாற்பது பேர் மௌனமாகிறார்கள். அந்த மௌனமும் சம்மதமாகிவிடுகிறது.

கூட்டம் கலைந்தபின் பெரியவரிடம், "உங்களுக்கு இத்துணிவு எப்படி வந்தது?" என வினவினேன். அவர் சொன்னார்: "சாமி, எங்க அப்பா ஒரு தப்பும் செய்யல. ஆனா பொழுது சாஞ்சா டேசன்ல போய்ப் படுக்கணும். அந்தப் பையன் நின்னதப் பாத்ததும் அப்பா நெனப்பு வந்துருச்சு."

அவர் கூறியது இவ்வூரின் வரலாறு. ஒரு சமூகத்தையே பிறவிக் குற்றவாளிகளாகக் கருதிய குற்றப் பரம்பரைச் சட்டம், 1914இல் கீழக்குயில்குடி மக்கள்மீது ஏவப்பட்டது. ஆடவர் கைரேகை பதிந்து, காவலர் கண்காணிப்பில் இரவைக் கழிக்க நேர்ந்தது. 1947இல்தான் சென்னை மாகாணத்தில் அச்சட்டம் நீங்கியது. ஐயத்தின் சுமையைத் தாங்கியவரின் மகன், அதை இன்னொருவர் தலையில் ஏற்ற மறுத்தார்.

பொய்ச்சான்று கூறலாகாதென எட்டாம் கட்டளை விலக்குகிறது. சரிபாராமல் அனுப்பும் செய்தியும் பொய்ச்சான்றாகக்கூடும் என்பதைப் பெற்றோர் பிள்ளைகளுக்கு உணர்த்துதல் வேண்டும். ஐயம் எழுந்தால் காவல்துறைக்குத் தெரிவிப்போம்; அவர்கள் வரும்வரை அந்த மனிதருக்கு நாமே காவலாவோம். கூட்டம் கூச்சலிடுகையில், "யார் வீட்டுப் பிள்ளை காணாமற்போயிற்று?" என்று கேட்கும் ஒருவர் ஒவ்வொரு தெருவிலும் இருக்கட்டும். அவர் நம் குடும்பத்தவராக இருக்கட்டும்.