தறியும் படப்புள்ளியும்

நுழையும்முன்

படம் கண்ணால் காண்பதற்கு உரியது. கோப்பு கருவி படிப்பதற்கு உரியது என்று பிரித்துப் பார்த்துப் பழகியிருக்கிறோம். இவ்விரண்டும் ஒன்றாகும் இடங்கள் உண்டு. எழுத்தையோ ஒலியையோ கணக்கையோ கொண்ட ஒரு கோப்பை அப்படியே படமாக மாற்றிப் பிறருக்கு அனுப்ப இயலும். அது எவ்வாறு நிகழ்கிறது, அப்படத்தில் எதனைக் காக்க வேண்டும் என்பதைக் காஞ்சிபுரத்துத் தறியின் துணைகொண்டு அறிவோம்.

காஞ்சிபுரத்தின் பிள்ளையார்பாளையத்தில் ஒரு நெசவாளர் இல்லத்துக்குள் நுழைந்தால், தறிக்கு மேலே கோத்துத் தொங்கும் துளையிட்ட அட்டைகள் முதலில் கண்ணில் படும். கீழே சேலையின் கரையில் மயிலோ அன்னமோ உருத்திராக்கமோ மெல்ல வளர்ந்துகொண்டிருக்கும். மேலே உள்ள அட்டையில் மயிலும் இல்லை, அன்னமும் இல்லை. துளைகள் மட்டுமே உள்ளன. அத்துளைகளைப் படித்தே தறி மயிலை நெய்கிறது.

வடிவம் முதலில் கட்டமிட்ட வரைதாளில் பிறக்கிறது. நெடுக்கு வரிசைகள் பாவு நூல்களைக் குறிக்கும்; குறுக்கு வரிசைகள் ஊடை நூல்களைக் குறிக்கும். பாவு நூல் மேலெழ வேண்டிய கட்டங்களுக்கு மட்டும் வண்ணம் தீட்டுவர். பின்னர் ஒவ்வொரு குறுக்கு வரிசைக்கும் ஓர் அட்டை எடுத்து, வண்ணம் தீட்டிய கட்டத்துக்கு உரிய இடத்தில் துளையிடுவர். அட்டை ஜக்கார்டுப் பெட்டியின் ஊசிகளை எதிர்கொள்ளும்போது, துளையுள்ள இடத்தில் ஊசி உள்ளே செல்லும். அதனோடு இணைந்த கொக்கி தன் நூல்களைத் தூக்கும். துளையில்லாத இடத்தில் அட்டை ஊசியைப் பின்னுக்குத் தள்ளும். கொக்கி விலகிவிட, நூல் எழாது கிடக்கும். துளை உண்டு, துளை இல்லை என்னும் இரண்டே நிலைகள். கணினி 1, 0 எனக் கொள்வதும் இவையே.

ஜக்கார்டு வருவதற்கு முன் இங்கு வழங்கிய அடை முறையில், வடிவம் நூற்கட்டுகளிலேயே தங்கியிருந்தது. எந்த ஊடைக்கு எந்தப் பாவு நூல்கள் எழ வேண்டும் என்பதை முன்னரே கட்டிவைத்து, நெசவாளருக்குத் துணையாக இருப்பவர் வரிசை தவறாமல் இழுத்துக் கொடுப்பார். அட்டையும் இல்லாமல் ஓர் ஓவியத்தைக் கயிற்றில் சேமித்த அந்த அறிவு, போற்றத்தக்க அளவுக்கு இன்னும் போற்றப்படவில்லை என்றே தோன்றுகிறது.

பிரான்சு நாட்டின் லியோன் நகரைச் சேர்ந்த ஜோசப் மரி ஜக்கார்டு (1752–1834), தமக்கு முன்னிருந்தோரின் முயற்சிகளை ஒன்றிணைத்து, 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தம் கருவியை உருவாக்கினார். 1839இல் அவருடைய உருவமே ஏறத்தாழ 24,000 அட்டைகளைக் கொண்டு பட்டில் நெய்யப்பட்டது. அந்தப் பட்டோவியங்களுள் ஒன்றைத் தம் இல்லத்தில் வைத்திருந்த சார்லஸ் பாபேஜ், தாம் திட்டமிட்ட பகுப்பாய்வுப் பொறிக்குக் கட்டளையிடத் துளையட்டைகளையே தேர்ந்துகொண்டார். 1886, 1887ஆம் ஆண்டுகளில் அதே லியோனில் ஒரு வழிபாட்டு நூல் முழுவதும் பட்டில் நெய்யப்பட்டது. அதன் எழுத்துகள் அச்சிட்டவை அல்ல, நூலிழைகளால் உருவானவை.

எழுத்து வண்ணமாதல்

எழுத்தைப் படமாக்குவது என்பதற்கு இரு பொருள்கள் உண்டு. உத்திரமேரூர்க் கல்வெட்டின் மேல் ஈரத்தாளை ஒற்றி மைப்படி எடுப்பது ஒரு வகை. ஒருங்குறி பரவுவதற்கு முன், அனுப்புநரின் எழுத்துரு பெறுநரின் கணினியில் இல்லாமையால் தமிழ்ப் பக்கங்களைப் படமாக்கி அனுப்பினோமே, அதுவும் அவ்வகையே. தமிழ்நாடு அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்றபின் அத்தேவை பெரிதும் குறைந்தது. அத்தகைய படம் கண்ணுக்கானது. எழுத்தின் தோற்றம் அதில் இருக்கும். கணினி எழுத்தாகக் கொள்ளும் எண் இராது. ஆகவே அதில் ஒரு சொல்லைத் தேடிக் கண்டறிவது கடினம்.

நாம் இங்குக் காணவிருப்பது மற்றொரு வகை. கோப்பு எதுவாயினும் அது எண்களின் வரிசையே. ஒவ்வொன்றும் 0 முதல் 255 வரையிலான ஓர் எண். அதனைப் பைட்டு என்பர். வண்ணப் படத்தின் ஒவ்வொரு படப்புள்ளியும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று எண்களால் ஆனது; அவையும் 0 முதல் 255 வரையிலானவை. எனவே கோப்பின் எண்களை மும்மூன்றாக எடுத்துப் புள்ளிகளாக வைத்துக்கொண்டே சென்றால் கோப்பு படமாகிவிடும். கோப்பின் நீளத்தையும் பெயரையும் முதற்சில புள்ளிகளில் குறித்துவைத்தால், பெறுநர் அதனை மீண்டும் கோப்பாக்கிக்கொள்ளலாம். 10,48,576 பைட்டுகள் கொண்ட ஒரு மெகாபைட்டுக் கோப்புக்கு 592க்கு 592 புள்ளிகள் கொண்ட சதுரப் படம் போதுமானது.

தமிழுக்கு இதில் ஒரு தனிப் பொருத்தம் வாய்த்திருக்கிறது. ஒருங்குறியின் யுடிஎஃப்-8 வடிவத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் மூன்று பைட்டுகள் தேவை. ஒரு படப்புள்ளிக்கும் மூன்றே. 'பட்டு' என்னும் சொல்லைக் கணினி ப, ட, புள்ளி, ட, உகரக் குறி என ஐந்து குறிகளாகச் சேமிக்கிறது. ப என்பது 224, 174, 170. ட என்பது 224, 174, 159. புள்ளி 224, 175, 141. உகரக் குறி 224, 175, 129. ஐந்து குறிகளும் ஐந்து வண்ணப் புள்ளிகளாகும். முதலது இளஞ்சிவப்புச் சாயலும், இறுதியது சந்தனச் சாயலும் கொண்டிருக்கும். சொற்களுக்கு இடையேயுள்ள வெற்றிடத்துக்கு 32 என்னும் ஓர் எண்ணே போதும். அதனால் அடுத்த சொல்லின் எண்கள் ஓரிடம் நகர்ந்து வெளிர்பச்சையாகும். அதற்கடுத்த சொல் வெளிர்ஊதாவாகும். பிறகு மீண்டும் சந்தனம். ஒரு தமிழ்ப் பத்தியைப் படமாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தால், மூவண்ணக் கட்டமிட்ட துணியைப் போலவே தோன்றும்.

ஐந்து குறிகளுக்குப் பதினைந்து பைட்டுகள், ஒரு பைட்டுக்கு எட்டு 1, 0 நிலைகள், ஆக 120. கொக்கிகள் 120 உள்ள ஜக்கார்டின் ஒரே அட்டையில் 'பட்டு' என்னும் சொல் மிச்சமின்றி அடங்கிவிடும்!

ஒன்று மாறினால்

படங்களை மட்டும் ஏற்கும் தளங்களிலும் செயலிகளிலும் பிற கோப்புகளை எடுத்துச்செல்ல இம்முறை உதவுகிறது. ஆயினும் இது கோப்பைச் சிறிதாக்குவதில்லை, மறைப்பதும் இல்லை. முறை அறிந்த எவரும் திறக்கலாம். அதனினும் பெரிய இடர் ஒன்று உண்டு.

1992இல் தரப்படுத்தப்பட்ட ஜேபெக் முறை, படத்தை 8க்கு 8 புள்ளிகள் கொண்ட சிறு கட்டங்களாகப் பிரித்து, கண்ணுக்குப் புலப்படாத நுண்வேறுபாடுகளை நீக்கிச் சுருக்குகிறது. ஒளிப்படத்துக்கு அது நல்ல முறையே. வாட்ஸ்அப் போன்ற செயலிகளும் படங்களை அவ்வாறு சுருக்கி அனுப்பும் இயல்புடையவை. கோப்பைச் சுமக்கும் படத்துக்கோ அந்த நுண்வேறுபாடே உயிர். 'அடை' என்னும் சொல்லில் அகரத்துக்கு உரிய புள்ளி 224, 174, 133. அதன் நீலம் 133இலிருந்து 134 ஆனால் எந்தக் கண்ணும் வேறுபாட்டை உணராது. ஆனால் 224, 174, 134 என்பது ஆகாரம். அடை, ஆடையாகிவிடும். சிவப்பு 224 சற்றே மாறினாலோ அந்த இடத்தில் தமிழெழுத்தே இராது.

ஆகவே இத்தகைய படங்களுக்கு 1996இல் வெளிவந்த பிஎன்ஜி போன்ற இழப்பில்லா வடிவமே ஏற்றது. அதுவும் சுருக்குகிறது, எனினும் விரித்தால் ஒவ்வோர் எண்ணும் உள்ளவாறே மீளும்.

வேறொரு வழியும் உண்டு. இப்பாடநூலில் நீங்கள் காணும் விரைவுக் குறியீடு, 1994இல் ஜப்பானின் டென்சோ வேவ் நிறுவனத்தில் மசாகிரோ ஹரா குழுவினர் வாகன உதிரிபாகங்களை அடையாளங்காண உருவாக்கியது. அது நுண்வண்ணத்தை நம்பவில்லை. கறுப்பு, வெள்ளை என்னும் இரண்டையே நம்பியது. மேலும், இழந்ததைக் கணக்கிட்டு மீட்கும் மிகைத் தகவலையும் உடன் சேர்த்துக்கொண்டது. உயர்ந்த காப்பு நிலையில் ஏறத்தாழ 30 விழுக்காடு சிதைந்தாலும் படிக்க இயலும். அதற்கு ஈடாகக் கொள்ளளவு சிறுக்கிறது: காப்பு மிகக் குறைந்த நிலையிலும் பெரும அளவு 2,953 பைட்டுகளே, தமிழில் ஆயிரம் குறிகள்கூட இல்லை. எனவேதான் பாடத்தின் காணொளி அதனுள் இல்லை. அதைச் சென்றடையும் வழி மட்டுமே உள்ளது.

தறிக்கு வந்த படம்

இவை கணினியறைக்குள் மட்டும் நிகழ்பவை அல்ல. இன்று சேலை வடிவங்கள் கணினியிலும் வரையப்படுகின்றன. மின்னணு ஜக்கார்டு அட்டையின்றி நேரடியாகப் படக்கோப்பைப் படிக்கிறது. அங்கே ஒரு படப்புள்ளி என்பது ஒரு பாவும் ஓர் ஊடையும் சந்திக்கும் இடம். படமே கட்டளை. அதனை ஒளிப்படம்போல் சுருக்கி அனுப்பினால் மயிலின் கழுத்தோரம் கறுப்பும் இன்றி வெள்ளையும் இன்றிச் சாம்பல் படரும். பார்ப்பதற்கு அது மென்மையான ஓரம். தறிக்கோ அதற்குப் பொருளில்லை, பாவு நூல் எழும், அல்லது எழாது, பாதி எழுவதில்லை. சாம்பலை எப்பக்கம் தள்ளுவது என்று கருவி தானே முடிவுசெய்ய, பிழை வடிவம் திரும்பும் இடந்தோறும் திரும்பும். ஒரு சேலைக்குப் பல நாள் உழைக்கும் கைத்தறியாளருக்கு அந்த இழப்பைக் கூலியில்தான் கணக்கிட நேரும். வடிவத்தைப் படமாக அனுப்பாமல் ஆவணமாக அனுப்புக என்று வடிவமைப்பாளர்கள் வற்புறுத்துவது இதனாலேயே.

பழைய அட்டைகளின் நிலை வேறு. காஞ்சிபுரம் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்துவிட்டது. ஆனால் பரண்களில் கட்டிக்கிடக்கும் அட்டைக் கோவைகளைக் காக்க அது போதாது. ஈரமும் கறையானும் அவற்றை அழித்துவருகின்றன. ஒவ்வோர் அட்டையையும் ஒளிமேசையில் கிடத்திப் படமெடுத்தால், ஒளி தெரியும் இடம் துளை, இருண்ட இடம் துளையின்மை எனக் கணினி படித்து, ஒரு சேலையின் கரை முழுவதையும் சிறியதொரு கோப்பில் அடக்கிவிடும். கறையான் அரித்த ஓட்டையையும் அது துளை என்றே படிக்கும். அது குத்திய துளையா, அரித்த ஓட்டையா என்பதை அவ்வடிவத்தை நெய்தவரிடந்தான் கேட்டறிய வேண்டும். அவர்களுள் பலர் இப்போது முதுமையில் இருக்கின்றனர்.